விதைக்கு யார் பொறுப்பு?

விருத்தாசலத்தில் பீங்கான் ஜாடி வாங்குகிறவர்கள் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார்கள். ணங் என்று கேட்டால் சரி. மொத்தையாக ஒலித்தால் எங்கோ விரிசல். சூளையில் வெந்த சாமான் தன் குறையை அந்த ஒரே தட்டில் சொல்லிவிடும். ஆடி பிறந்ததும் கடைத்தெருவுக்கு வரும் கத்தரி விதையிடம் இந்த வித்தை பலிக்காது. முளைக்குமா முளைக்காதா என்பது பத்து நாளில் தெரியும். என்ன ரகம் என்பது காய்த்த பிறகுதான், அதாவது ஏறக்குறைய மூன்று மாதம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் தெரியும். ஆகவே விதை வாங்குவது எந்தக் காலத்திலும் ஆளை நம்பி வாங்குவதாகவே இருந்திருக்கிறது. எந்த ஆளை என்பதுதான் மாறிக்கொண்டே வந்தது.

நூறு வருடத்துக்கு முந்தைய கொல்லைப்புறத் தோட்டத்தில் அந்த ஆள் பெரும்பாலும் ஒரு பெண். நல்ல செடியாகப் பார்த்து, நடுப்பறிப்பில் ஒரு காயை மட்டும் பறிக்காமல் விட்டு, கிழிந்த துணியைக் கட்டி அடையாளம் வைப்பாள். அது பழுத்து மஞ்சளானதும் பிசைந்து அலசி, மிதக்கிற விதையைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்துவாள். பாகல், பீர்க்கு விதைகளைச் சாணத்தில் பதித்து வரட்டியாகத் தட்டிச் சுவரில் ஒட்டி வைப்பதும் உண்டு. சுரைக்குடுக்கையும் மண்கலயமும்தான் கிடங்கு. வேண்டியவர்கள் வந்து கேட்டால் ஒரு கை அள்ளித் தருவாள். காசு வாங்குவதில்லை, அடுத்த வருடம் வேறொரு விதையாகத் திரும்பி வரும். சுரை கசந்தாலோ கத்தரி சொத்தை விழுந்தாலோ கிணற்றடியில் அவளிடமே கேட்டுவிடலாம். அந்தக் கேள்விக்குப் பயந்தே நல்ல விதையாகத் தேடிக் கொடுத்தாள் என்று சொன்னால் தப்பில்லை.

இதை அப்பழுக்கற்ற பொற்காலமாக்கிவிட வேண்டியதில்லை. கத்தரிப் பூவுக்கு வண்டு வரும். பக்கத்து வீட்டு ரகத்தின் மகரந்தம் இங்கே ஒட்டும். பீர்க்கு, சுரை வகைகளில் இந்தக் கலப்பு இன்னும் அதிகம். ஊர் முழுக்க ஒரே விதை சுற்றினால் ஒரே நோயும் சேர்ந்து சுற்றும். அப்படிச் சுற்றிய விதை மொத்தமாகக் காலை வாரிய கதை தென்னாற்காட்டிலேயே நடந்திருக்கிறது. காய்கறியில் அல்ல, மணிலாவில்.

நிலக்கடலைக்கு இந்தப் பக்கத்தில் இன்றும் மணிலா என்றுதான் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் மார்சே நகரத்து எண்ணெய் ஆலைகளும் சோப்பு ஆலைகளும் கடலையை வாங்கிக் குவித்தன. புதுச்சேரி அதற்குத் துறைமுகம். 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் வந்ததும் மூட்டைகள் இன்னும் வேகமாகப் போயின. லாபம் பார்த்தவர்கள் வருடம் தவறாமல் அதே நிலத்தில், அதே விதையைப் போட்டார்கள். 1890-களில் விளைச்சல் சரிந்தது, நோய் பெருகியது, பரப்பும் சுருங்கியது. மீட்டது வெளியிலிருந்து வந்த விதை. கிழக்கு ஆப்பிரிக்காவின் மொசாம்பிக்கிலிருந்து வந்து, இங்கே 'மொரீஷியஸ்' என்று பெயர் வாங்கிய ரகம் அது. சில வருடங்களுக்குள் பழைய நாட்டு ரகத்தை ஓரங்கட்டிவிட்டது. அதைப் பரப்பியதில் ஏற்றுமதி வணிகத்துக்குப் பங்கு உண்டு. வணிகர்கள் தர்மத்துக்குச் செய்யவில்லை. கடலை விளையாவிட்டால் கப்பல் காலியாகக் கிடக்கும், அவர்கள் கல்லாவும் காலியாகும். கிணற்றடிக் கேள்விக்குப் பயந்த பக்கத்து வீட்டுக்காரியும், கல்லாவுக்குப் பயந்த வணிகரும் ஒரு விஷயத்தில் ஒன்று: விதை பொய்த்தால் இருவருக்கும் அடி விழும்.

அடி விழாத வியாபாரி என்ன செய்வான் என்பதற்கு அதே காலத்து ஐரோப்பாவே சாட்சி. இங்கிலாந்தில் பழைய விதையை வேகவைத்து உயிரைப் போக்கிப் புது விதையோடு கலந்து விற்றார்கள். செத்த விதை முளைக்காது. முளைக்காததால் என்ன ரகம் என்று யாராலும் கண்டுபிடிக்கவும் முடியாது. மங்கிப்போனதற்குச் சாயம் ஏற்றிப் புதிதுபோல் காட்டினார்கள். இந்த இரண்டையும் தடுக்க 1869-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. அதே 1869-இல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் தாரண்ட் என்ற சிற்றூரில் ஃபிரெடரிக் நோபே உலகின் முதல் விதைப் பரிசோதனை நிலையத்தைத் திறந்தார். விற்பவனும் வாங்குபவனும் அல்லாத மூன்றாவது ஆள் விதையை எண்ணி, முளைக்க வைத்து, சதவீதம் எழுதித் தரும் ஏற்பாடு அங்கேதான் தொடங்கியது.

சென்னையில் 1835-இலேயே வேளாண் தோட்டக்கலைச் சங்கம் ஏற்பட்டுவிட்டது. வெளிநாட்டுப் பூ, காய் விதைகளை வரவழைத்துக் கொடுப்பது அதன் வேலைகளில் ஒன்று. அது துரைமார் பங்களாத் தோட்டத்துச் சங்கதி. விருத்தாசலத்துக் கொல்லைக்கும் அதற்கும் தூரம் அதிகம்.

கிட்டத்தில் வந்தது பாலூர். பண்ருட்டிக்கும் கடலூருக்கும் நடுவில் உள்ள அந்த ஊரில் 1905-இல் அரசு ஒரு வேளாண் பண்ணையைத் தொடங்கியது. சரிந்து எழுந்த கடலையை ஆராய்வதே அன்றைய நோக்கம். காலப்போக்கில் கடலை வேலை மற்ற நிலையங்களுக்குப் போய்விட, பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையமாகி, இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. 'பாலூர் 1' கத்தரியும் அதே பெயர் கொண்ட புடலையும் அங்கிருந்து வந்தவை. விருத்தாசலத்திலேயே உள்ள மண்டல ஆராய்ச்சி நிலையம் 'விஆர்ஐ' என்ற முத்திரையோடு கடலை, எள், முந்திரி ரகங்களைத் தந்தது.

இந்த அரசு ரகங்களின் பூர்வீகம் சுவாரசியமானது. தமிழகத்து வீடுகளில் பெயர் வாங்கிய 'பிகேஎம் 1' தக்காளி பெரியகுளத்தில் உருவானது. தேனிப் பக்கத்து அன்னஞ்சி ஊர்த் தக்காளியில் சடுதி மாற்றம் உண்டாக்கித் தேர்ந்தெடுத்தது. கோயம்புத்தூரின் 'கோ 2' கத்தரி, ஊராரின் வரிக்கத்தரியிலிருந்து பொறுக்கி எடுத்தது. வரட்டியில் விதை ஒட்டி வைத்த கைகளிடமிருந்துதான் ஆராய்ச்சி நிலையம் முதல் பிடி விதையை வாங்கிக்கொண்டது. பாக்கெட்டில் ரகத்தின் பெயர் இருக்கும். அந்தக் கைகளின் பெயர் இருக்காது.

தேசிய விதைக் கழகம் 1963-இல் வந்தது. விதைச் சட்டம் 1966-இல், விதிகள் 1968-இல், விற்பனையாளருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கிய விதைக் கட்டுப்பாட்டு ஆணை 1983-இல். நம்பிக்கைக்கு நிறம் கொடுத்தது இந்தக் காலம்தான். வல்லுநர் விதைக்கு மஞ்சள் அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம், உண்மைநிலை விதைக்குப் பச்சை. சான்று பெற வேண்டுமானால் கத்தரியும் தக்காளியும் நூற்றுக்கு 70 முளைக்க வேண்டும், வெண்டை 65, மிளகாய் 60. கலப்பைத் தடுக்க வயல்களுக்கு நடுவே இடைவெளியும் கேட்பார்கள்: தன் மகரந்தத்திலேயே காய்க்கும் தக்காளிக்கு 25 மீட்டர் போதும், வண்டு தேடி வரும் கத்தரிக்கு 100 மீட்டர்.

இதில் பலர் கவனிக்காத ஒரு சந்து இருக்கிறது. சான்று பெறுவது கட்டாயமில்லை. நீல அட்டை என்றால் வயலுக்கு அதிகாரி போய்ப் பார்த்திருக்கிறார், விதை பரிசோதனை நிலையத்தில் தேறியிருக்கிறது என்று பொருள். பச்சை அட்டை என்றால் அதில் எழுதியிருப்பது உண்மை என்று விற்கிற நிறுவனமே சொல்கிறது என்று பொருள். வீட்டுத் தோட்டத்துக்காக வாங்கும் காய்கறி விதையில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகை. அதில் மோசம் என்று இல்லை; நல்ல நிறுவனங்கள் சொன்னபடிதான் தருகின்றன. ஆனால் 'உண்மை' என்ற சொல்லைப் பார்த்ததும் அரசு முத்திரை என்று நினைத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

புதிய விதைக் கொள்கை 1988-இல் வந்தபின் வெளிநாட்டு விதைக்குக் கதவு அகலமாகத் திறந்தது. வீரிய ஒட்டு விதைகள் பெருகின. காய் ஒரே சீராக வரும், விளைச்சலும் கூடும். ஆனால் அதிலிருந்து எடுத்த விதையைப் போட்டால் அடுத்த தலைமுறை பல தினுசாகப் பிரியும். கொடுக்கல் வாங்கல் அறுந்து, ஒவ்வொரு பட்டத்துக்கும் கடைக்குப் போகும் வழக்கம் வந்தது இப்படித்தான்.

பொறுப்பைத் திரும்ப விற்பவர் தலையில் வைத்தது ஒரு தீர்ப்பு. தேசிய விதைக் கழகம் எதிர் மதுசூதன் ரெட்டி வழக்கில் 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே, மோசமான விதைக்கு நுகர்வோர் மன்றத்தில் நஷ்டஈடு கேட்கலாம் என்று சொன்னது. ஏக்கர் கணக்கில் போட்டவருக்கு இது பெரிய ஆயுதம். மொட்டை மாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவர் ஒரு பாக்கெட் வெண்டைக்காகக் கோர்ட்டு ஏறமாட்டார். விற்பவருக்கும் அது தெரியும். சிறு பாக்கெட் வியாபாரத்தின் பலவீனம் மொத்தமும் இங்கேதான் இருக்கிறது.

இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2013 இறுதியில் மறையும்வரை ஊர் ஊராகச் சொல்லிவந்த மரபு விதைப் பேச்சு, கைமாற்று வழக்கத்துக்குப் புது உயிர் கொடுத்தது. விதைத் திருவிழாக்களில் இன்று சுரையும் அவரையும் மறுபடி கைமாறுகின்றன. கூடவே, வீரிய ஒட்டுக் காயிலிருந்து எடுத்ததையே 'நாட்டு விதை' என்று பொட்டலம் கட்டுவதும் நடக்கிறது. கொடுப்பவரிடம், இதை எத்தனை வருடமாக நீங்களே போடுகிறீர்கள், காய் என்ன நிறம், பக்கத்தில் வேறு ரகம் இருந்ததா என்று கேட்டால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். வளர்த்தவர் நிறுத்தாமல் பேசுவார். வாங்கி விற்பவர் பொட்டலத்தின் மேலிருப்பதைப் படித்துக் காட்டுவார்.

விருத்தாசலம் முந்திரிக்காரர்கள் இதில் ஒரு படி மேலே போய்விட்டார்கள். முந்திரி அயல் மகரந்தத்தில் காய்ப்பது. தாய் மரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கொட்டையைப் புதைத்தால் அதே மரம் வரும் என்று உறுதியில்லை. அதனால் விஆர்ஐ ரகங்களை ஒட்டுக்கன்றாகவே நடுகிறார்கள், விதையை நம்புவதில்லை.

கத்தரிக்கும் வெண்டைக்கும் அந்த வசதி கிடையாது, விதைதான் கதி. சான்று விதைக்குப் பரிசோதனை நாளிலிருந்து ஒன்பது மாதம் ஆயுள். மறுபரிசோதனையில் தேறினால் மேலும் ஆறு மாதம். அட்டையில் அந்தத் தேதியைப் பார்க்கலாம். இருப்பும் விலையும் எழுதிய பலகை கடையில் தொங்க வேண்டும், கேட்காமலே பில் தர வேண்டும் என்பது 1983 ஆணை. பில்லில் ரகமும் குவியல் எண்ணும் எழுதித் தரத் தயங்குகிற கடையைத் தாண்டிப் போவதே நல்லது. வாங்கியதில் இருபது விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்தால், பதினான்கு கத்தரியாவது முளைவிட்டிருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். ரகம் சொன்னதுதானா என்பதற்கு ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும்.