விலை இன்பாக்ஸில்: தூரத்துக் கடைகளின் பழைய கதை

பேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ ஒரு சாரியின் படம் போட்டிருப்பார்கள். கீழே முப்பது பேர் "விலை?" எண்டு கேட்டிருப்பார்கள். முப்பது பேருக்கும் ஒரே பதில்: "இன்பாக்ஸ் பாருங்கோ." இன்பாக்ஸுக்குப் போனால் விலை வரும். டிலிவரிக் காசு எவ்வளவு என்பது அதற்குப் பிறகு வரும். காசை முதலே வங்கியில் போட வேணுமா, சாமான் கைக்கு வந்த பிறகு கொடுக்கலாமா என்பது கடைசியில்தான் தெரியவரும். அதற்கு முதலே பலர் கழன்றுவிடுவார்கள்.

இதை நாங்கள் வெறும் வியாபார உத்தியாகத்தான் பார்க்கிறோம். டிலிவரி விபரத்தைத் தெளிவாகப் போட்டால் விற்பனை கூடும் எண்டு சொல்லிக்கொடுக்கிற வீடியோக்களும் ஏராளம். அது உண்மைதான். ஆனால் மொத்தம் எவ்வளவு, எப்படி வந்து சேரும், காசு எப்போது கொடுப்பது என்கிற மூன்று கேள்விகளும் இணையத்தை விட நூறு வருசத்துக்கும் மேல் பழசு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கக் கிராமங்கள் இந்தக் கேள்விகளோடு பெரிய அளவில் மல்லுக்கட்டின. அந்தக் கதையில் விற்பனையை விடப் பெரிய விசயம் ஒன்று இருக்கு.

அந்தக் காலத்துக் கிராமத்து விவசாயிக்குப் பெரும்பாலும் பக்கத்தில் ஒரேயொரு கடைதான். சாமான்கள் கடைக்காரரின் மேசைக்குப் பின்னால் இருக்கும். பல கடைகளில் விலை எழுதப்பட்டிருக்காது. எழுதியிருந்தாலும் கடைக்காரருக்கு மட்டும் விளங்குகிற எழுத்துக் குறியாக இருக்கும். அறுவடை வரைக்கும் கடனுக்கு வாங்குகிறவருக்கு ஒரு விலை, கைக்காசுக்கு வாங்குகிறவருக்கு இன்னொரு விலை. ஆளைப் பார்த்துத்தான் விலை.

1872இல் சிகாகோ நகரில் ஆரன் மொன்ட்கொமரி வோர்ட் என்பவர் ஒரேயொரு தாளில் 163 பொருட்களின் பெயரையும் விலையையும் அச்சடித்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். கிரேஞ்ச் என்ற விவசாயிகள் சங்கத்தின் உறுப்பினர்கள்தான் அவரது முதல் வாடிக்கையாளர்கள். இடைத்தரகர் இல்லாததால் விலை மலிவு. எவ்வளவு மலிவு என்றால், 1873இல் 'சிகாகோ ட்ரிபியூன்' பத்திரிகை இது ஏமாற்று வேலை, விவசாயிகள் கவனம் எண்டு எழுதியது. பிறகு விசாரித்துப் பார்த்து, தான் எழுதியதைத் திருத்திக்கொண்டது.

முகம் தெரியாத ஆளுக்கு யார்தான் காசு அனுப்புவார்கள்? வோர்ட் இதற்குக் கண்ட வழி எளிமையானது. பொருள் ரயிலில் வரும், பிரித்துப் பார்க்கலாம், பிடித்தால் அங்கேயே காசைக் கட்டலாம். 1875இல் திருப்தி இல்லையென்றால் காசு திரும்பக் கிடைக்கும் என்ற உத்தரவாதத்தையும் கொடுத்தார். இங்கே நடந்தது என்னவென்று யோசியுங்கோ. தூரத்து வியாபாரத்தில் ஒரு பயம் எப்பவும் இருக்கும். அந்தப் பயத்தை வாங்குகிறவர் சுமப்பதா, விற்கிறவர் சுமப்பதா என்பதுதான் கேள்வி. வோர்ட் அதைத் தன் தோளில் எடுத்துக்கொண்டார்.

அடுத்து வந்தவர் ரிச்சர்ட் சியர்ஸ், மினசோட்டாவில் ஒரு ரயில் நிலைய முகவர். 1886இல் உள்ளூர் வியாபாரி ஒருவர் ஏற்க மறுத்த ஒரு பெட்டி சட்டைப்பைக் கடிகாரங்களை எடுத்து, மற்ற நிலைய முகவர்களுக்கு விற்கத் தொடங்கினார். பிறகு சியர்ஸ் ரோபக் என்ற பெயரில் அது மாபெரும் தபால்வழிக் கடையாகியது. அதன் பட்டியல் புத்தகத்தில் பொருட்களின் படங்களைப் போலவே முக்கியமானவை "எப்படி ஓர்டர் செய்வது" என்று விளக்கிய பக்கங்கள். காசுக்கட்டளை எடுப்பது எப்படி, சரக்குக் கட்டணம் எப்படிக் கணக்கிடப்படும், பொருள் உடைந்து வந்தால் என்ன செய்வது எல்லாம் அதில் இருக்கும். எழுத்து வடிவாக இருக்கத் தேவையில்லை, எந்த மொழியிலும் எழுதலாம், எங்களுக்கு விளங்கும் என்றும் சொல்லியிருந்தார்கள். புதிதாகக் குடியேறிய, ஆங்கிலம் சரியாக வராத ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

சியர்ஸ் ஒன்றும் புனிதர் இல்லை. அதே பட்டியலில் போலி மருந்துகளும் மிகைப்படுத்திய விளம்பரங்களும் இருந்தன. ஆனால் விலை எல்லோருக்கும் ஒரே விலை.

இது யாருக்கு அதிகம் உதவியது என்பதுதான் கதையின் கனமான பகுதி. இனஒதுக்கல் நடந்த தென் மாநிலங்களில் ஒரு கறுப்பினத்தவர் கடைக்குப் போனால் வெள்ளையர்கள் எல்லோரும் வாங்கி முடியும் வரை காத்திருக்க வேணும். என்ன வாங்கலாம், எவ்வளவு தரத்தில் வாங்கலாம் என்பதைக்கூடக் கடைக்காரர் தீர்மானிப்பார். பட்டியல் புத்தகத்துக்கு வாங்குகிறவரின் தோல் நிறம் தெரியாது. வரலாற்றாய்வாளர் லூயிஸ் ஹைமன் இதை விரிவாக எடுத்துக் காட்டியிருக்கிறார். சில ஊர்களில் கடைக்காரரே தபாலதிபராகவும் இருந்து, கறுப்பின மக்களுக்கு முத்திரையோ காசுக்கட்டளையோ விற்க மறுத்தார். அதனால் ஓர்டரையும் காசையும் நேரடியாகத் தபால்காரர் கையில் கொடுக்கலாம் என்று சியர்ஸ் விளக்கியது. காசு கட்டுகிற வழி ஒன்று கூடினால், ஒரு மனுசன் தலைகுனியாமல் வாங்குகிற வழியும் ஒன்று கூடும்.

கிராமத்துக்குப் பொருள் போய்ச் சேருவது இன்னொரு போராட்டம். வீட்டுக்கே தபால் கொண்டுபோகும் கிராமியச் சேவை 1896இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி 1902இல் நிரந்தரமாகியது. ஆனால் தபாலில் 4 இறாத்தலுக்கு மேல் பொதி அனுப்ப முடியாது. அதற்கு மேலென்றால் தனியார் எக்ஸ்பிரஸ் கொம்பனிகளின் கட்டணம்தான். அந்தக் கொம்பனிகளும் உள்ளூர் கடைக்காரர்களும் சேர்ந்து அரசாங்கப் பார்சல் சேவையை வருசக்கணக்காக எதிர்த்தார்கள். சில ஊர்களில் பட்டியல் புத்தகங்களைச் சேர்த்து நெருப்பிலும் போட்டார்கள். அவர்களின் பயத்திலும் நியாயம் இருந்தது. ஒரு சிற்றூரின் கடைகள் மூடினால் அந்த ஊரே சோர்ந்துபோகும்.

கடைசியில் 1913 ஜனவரி 1ஆம் திகதி பார்சல் தபால் தொடங்கியது. நாட்டைத் தூரத்தின்படி வலயங்களாகப் பிரித்து, எடைக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். முதல் ஐந்து நாட்களில் 1,594 தபால் நிலையங்கள் மட்டும் 40 லட்சத்துக்கு மேற்பட்ட பொதிகளைக் கையாண்டன. அதே வருசத்தில் பொருளைப் பெற்றுக் காசு கொடுக்கும் முறையும் தபாலில் வந்தது. கட்டணம் தெளிவானதும் சனங்கள் துணிந்துவிட்டார்கள். 1916இல் யூட்டா மாநிலத்தின் வேர்னல் என்ற ஊரில் ஒரு வங்கி கட்டுவதற்கு, மற்ற வழிகளை விட மலிவு என்பதால் செங்கல்லைக்கூடப் பார்சலில் அனுப்பினார்கள்!

எங்கள் பக்கத்திலும் இதற்கு ஒரு வேர் இருக்கு. பிரித்தானிய இந்தியாவில் 1877இலேயே வி.பி.பி. தொடங்கிவிட்டது. பொருளைத் தபால்காரர் கொண்டுவருவார், காசை அவரிடம் கொடுக்க வேணும், அது விற்றவருக்குப் போகும். பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டினால் புத்தகம், மருந்து விளம்பரங்களில் இந்த மூன்றெழுத்தைப் பார்க்கலாம். இன்றைக்கு நாங்கள் சிஓடி எண்டு சொல்கிறது அதன் பேரப்பிள்ளைதான்.

ஆனால் சிஓடியை மட்டும் தீர்வாக நினைக்கவும் கூடாது. பொருளைத் திருப்பி அனுப்புகிறவர்கள் கூடியதால், சியர்ஸே 1900களின் தொடக்கத்தில் அந்த முறையை நிறுத்தி, முன்பணமும் திருப்பிக் கொடுக்கும் உத்தரவாதமும் போதும் என்ற இடத்துக்கு வந்தது. இன்றைக்கு வீட்டிலிருந்து உடுப்புத் தைத்து விற்கிற ஒரு அக்காவுக்கும் இதே பிரச்சினைதான். ஓர்டர் போட்டவர் போனை எடுக்காமல் விட்டால், கூரியர் காசு அவரின் தலையில். பயத்தை விற்கிறவர் மட்டுமே சுமந்தாலும் வியாபாரம் நிக்காது. எது யார் பொறுப்பு என்பதை முதலே எழுதிவைப்பதுதான் வழி. ஓர்டரோடு சிறிய முற்பணம், திருப்பி அனுப்பினால் கூரியர் காசு யாருடையது, ஊர் ஊராக டிலிவரிக் கட்டணம். ஒரு பக்கம் போதும்.

விலையை மறைக்கிறவர்களுக்கும் காரணம் இருக்கு. போட்டிக்காரர் பார்த்துக் குறைத்து விற்பார் என்ற பயம், இன்பாக்ஸுக்கு வந்தால் பேசிப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை. ஆனால் எங்கள் நாட்டில் கடைக்காரர் விலையைக் காட்சிப்படுத்த வேணும் என்று 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. சட்டத்தை விடுவோம். இன்பாக்ஸில் விலை சொல்லும்போது, கேட்கிறவரின் பெயர், புரொபைல் படம், எந்த ஊர் எல்லாம் விற்கிறவருக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து கேட்டால் ஒரு விலை, கிளிநொச்சியிலிருந்து கேட்டால் ஒரு விலை என்று ஆகாது என்பதற்கு என்ன உறுதி? கவுண்டருக்குப் பின்னால் நின்று ஆளைப் பார்த்து விலை சொன்ன அந்தக் கடைக்காரரை, போனுக்குள் திரும்பக் கூட்டிவந்திருக்கிறோம்.

விலையும் டிலிவரிக் காசும் பணம் கட்டும் வழியும் வெளியில் தெரிய எழுதியிருந்தால் விற்பனை கூடலாம். அதை விட முக்கியம், கேட்கவே கூச்சப்படுகிற ஒருவரும் யாரையும் கேட்காமல் கணக்குப் பார்த்து, முடிந்தால் வாங்கி, முடியாவிட்டால் பேசாமல் விலகலாம். அந்தச் சின்ன மரியாதையை 1872இல் ஒரு ஒற்றைத் தாள் கொடுத்தது. எங்களுக்கு ஒரு போஸ்ட் போதும்.