படிப்பை மதித்தோம்; படிப்பித்தவரை?



யாழ்ப்பாணத்தில் ஒரு பழமொழி உண்டு: "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்." கோறணமேந்து என்றால் கவர்மெண்ட். உங்கள் அம்மம்மாவிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்லுவா. தமிழ்நாட்டில் இதைவிடக் கடுமையான ஒன்று இருக்கிறது: "வக்கற்றவனுக்கு வாத்தியார் வேலை, போக்கற்றவனுக்குப் போலீஸ் வேலை." எழுத்தறிவித்தவரைத் தெய்வத்துக்குச் சமமாக வைத்ததும் இதே தமிழ்தான். ஒரே வாயில் இந்த இரண்டு பேச்சும் எப்படி வந்தன? நம் சபைகளின் சரித்திரத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது.

வட்டுக்கோட்டையில் நடந்தது

1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தார்கள். வந்தவுடன் தொடங்கிய வேலைகளில் ஒன்று, கிராமந்தோறும் பள்ளிக்கூடம் திறப்பது. அங்கே படிப்பித்தவர்கள் பெரும்பாலும் ஊர் உபாத்திமார். ஆரம்பத்தில் அவர்களில் பலர் சைவர்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரி தொடங்கியது. டானியல் பூவர் அதன் முதல் அதிபர். ஆசிரியர்களையும் சுவிசேஷ ஊழியர்களையும் உருவாக்குவதே அதன் நோக்கம். தமிழ், ஆங்கிலம், கணிதம், வானசாஸ்திரம் எல்லாம் அங்கே கற்பித்தார்கள். இலங்கை அரசாங்கத்தின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு அதை ஒப்பிடலாம் என்று எழுதினார்.

அப்படிப்பட்ட இடம் 1855இல் மூடப்பட்டது. பொஸ்டனிலிருந்து வந்த மிஷன் சங்கச் செயலாளர் ரூஃபஸ் அன்டர்சனின் குழு கண்ட குறை இதுதான்: ஆங்கிலம் படித்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் சபைக்கும் வராமல் அரசாங்க உத்தியோகத்துக்கும் வியாபார நிலையங்களுக்கும் போகிறார்கள்.

பிள்ளைகள் உலக ஆசையால் போனார்கள் என்று சொல்வது சுலபம். ஆனால் அந்த வீடுகளின் பக்கமிருந்து பாருங்கள். கச்சேரியில் எழுதுவினைஞர் வேலைக்குச் சம்பளமும் உண்டு, ஊரில் மதிப்பும் உண்டு, மாப்பிள்ளைச் சந்தையில் விலையும் உண்டு. மிஷன் பள்ளி வாத்தியாருக்கு மரியாதை உண்டு. கையில் வருவதோ கொஞ்சம். மரியாதையை உலையில் போட்டுக் கஞ்சி வைக்க முடியாது.

வட்டுக்கோட்டையில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் வாழ்க்கையிலும் இதைக் காணலாம். கோப்பாயில் ஆசிரியராகத் தொடங்கினார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவரானார். மற்றவர் கறோல் விசுவநாதபிள்ளை; அவரும் வட்டுக்கோட்டைக்காரர். தாமோதரம்பிள்ளை பிறகு அரசாங்கக் கணக்கு அலுவலகத்துக்குப் போனார், சட்டம் படித்தார், புதுக்கோட்டையில் நீதிபதியானார். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த அவருக்குத் தமிழ் உலகம் என்றும் கடன்பட்டிருக்கிறது. ஆனால் வகுப்பறை அவர் ஏறிப்போன ஏணியின் முதற்படியாகவே இருந்தது. அதன்பின் வந்த தலைமுறைகளில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் எழுதுவினைஞர்களாகக் கப்பலேறியதும் அதே ஏணியில்தான்.

மூடிய கதவு மூடியபடியே இருக்கவில்லை. உயர்கல்வி வேண்டும் என்று அந்த மண்ணின் கிறிஸ்தவர்களே கேட்டுநின்றார்கள். 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அதே வட்டுக்கோட்டையில் எழுந்தது. படிப்பின்மேல் நமக்கு இருந்த தாகத்தில் குறையே இல்லை. படிப்பிக்கிறவரின் பங்கைப் பற்றிய கேள்விதான் அப்படியே நின்றது.

நிலைத்து நின்றவர்கள்

வகுப்பறையைப் படியாக நினைக்காமல் வீடாக நினைத்தவர்களும் உண்டு. உடுவில் பெண்கள் பாடசாலை 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரால் தொடங்கப்பட்டது. பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று ஊர் கேட்ட காலம் அது. 1840இல் எலைசா அக்னியூ அங்கே வந்தார். சுமார் நாற்பது வருடம் அந்தப் பாடசாலையை நடத்தினார். ஒருமுறைகூடத் தன் நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. 1883இல் யாழ்ப்பாண மண்ணிலேயே கண்மூடினார். "ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய்" என்று அவரைச் சொல்வார்கள். தாய்க்குப் பின் மகள், மகளுக்குப் பின் பேத்தி என்று ஒரே வீட்டில் மூன்று தலைமுறை அவரிடம் படித்ததும் உண்டு.

அவர் மிஷனரியாக வேண்டும் என்று தீர்மானித்தது எட்டு வயதில், நியூயோர்க் பள்ளிக்கூடமொன்றில், பூகோள பாடத்தில். ஓர் ஆசிரியர் உலகப் படத்தைக் காட்டித் தூர தேசங்களைப் பற்றிச் சொன்னார். அவ்வளவுதான். அந்த ஒரு பாடம் உடுவிலில் ஆயிரம் வீடுகளை மாற்றியது. அக்னியூ அம்மையாரை நாம் நினைவுகூருகிறோம். அந்தப் பூகோள ஆசிரியரின் பெயரை யாரும் சொல்வதில்லை.

மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் பணியாற்றினார். அவரை வைத்தியராகவே நமக்குத் தெரியும். ஆனால் அவர் அறுபதுக்கும் மேற்பட்டோரை வைத்தியர்களாகப் பயிற்றுவித்தார். பின்னாளில் தமிழிலேயே கற்பித்தார். அதற்காக மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். அவர் தொட்ட நோயாளிகளைவிட அவருடைய மாணவர்கள் தொட்ட நோயாளிகளே அதிகம் என்று நினைக்கிறேன்.

நம் சபைக்கு வெளியிலும் பார்ப்போம். ஆறுமுக நாவலர் பீற்றர் பேர்சிவல் ஐயருடைய வெஸ்லியன் பாடசாலையில் படிப்பித்தவர். வேதாகம மொழிபெயர்ப்பில் அவருக்கு உதவியவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். நம்மோடு அவர் செய்த வாதங்கள் ஒருபுறம் இருக்கட்டும். சம்பளம் வந்த இடத்தை விட்டு, படிப்பித்தலையே வாழ்க்கையாக ஏற்றவர் என்பதை நாம் மறுக்க முடியாது.

ரொறன்ரோவிலும் இதே கதை

இது நமக்கு மட்டும் உரிய வியாதி அல்ல. ரொறன்ரோ மெட்ரோபொலிட்டன் பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு பழைய கல் முகப்பு மட்டும் தனியாக நிற்பதைப் பார்க்கலாம். 1847இல் தொடங்கி, 1852இல் அந்த இடத்துக்கு வந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் மிச்சம் அது. அந்தக் காலத்து ஒன்ராறியோவில் பெண் ஆசிரியருக்கு ஆண் ஆசிரியரைவிட மிகக் குறைந்த சம்பளம். பெண்களை வைத்தால் செலவு மிச்சம் என்றே பல பள்ளிச் சபைகள் அவர்களை எடுத்தன. 1918இல் அவர்கள் தங்களுக்கென மாகாணச் சங்கம் அமைத்தார்கள். அதன்பின் மெல்ல மெல்லவே நிலைமை மாறியது. மரியாதைப் பேச்சு எந்த நாட்டிலும் சம்பளத்தைக் கூட்டவில்லை; கேட்டு நின்றவர்களே கூட்டினார்கள்.

1983க்குப் பிறகு பார்க்டேலுக்கும் ரொறன்ரோவின் மற்றப் பகுதிகளுக்கும் வந்த நம் பெரியவர்களில் எத்தனையோ ஆசிரியர்கள் இருந்தார்கள். ஊரில் அவர்கள் "சேர்", "ரீச்சர்". இங்கே உணவகச் சமையலறையிலும் தொழிற்சாலையிலும் இரவு வேலை. ஆனாலும் சனிக்கிழமை தமிழ் வகுப்பையும் ஞாயிறு பாடசாலையையும் நடத்தியவர்கள் அவர்களே.

நான் மருத்துவத் தாதி. நம் ஊரில் ஒரு காலத்தில் தாதி வேலையையும் தாழ்வாகத்தான் பேசினார்கள். இன்று "நேர்ஸிங் படி" என்று பெற்றோரே சொல்கிறார்கள். முறையான படிப்பும் பதிவும் நல்ல சம்பளமும் வந்தபின் பேச்சும் மாறியது. ஆனால் ஊசி போடக் கையைப் பிடித்துப் பழக்கியவர் ஓர் ஆசிரியர். மருந்தின் அளவைக் கணக்கிட எனக்கு வேண்டிய பின்னக் கணக்கைச் சொல்லித்தந்தவரும் ஓர் ஆசிரியர்தான். வார்டில் ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் உயிர் போகும். அந்தப் புள்ளியைச் சரியாக வைக்கப் பழக்கிய வேலையைச் சின்ன வேலை என்று என்னால் சொல்ல முடியாது.

பவுல் அப்போஸ்தலன் கலாத்தியர் 6:6இல் சொல்வதைக் கவனியுங்கள். வசனத்தைக் கற்கிறவன் கற்பிக்கிறவனோடு தன் நன்மைகளையெல்லாம் பகிர வேண்டும் என்கிறார். அவர் கேட்பது கைகூப்புதலை அல்ல, பங்கை.

பெற்றோரே, ரியூஷனுக்குப் பிள்ளையைக் காரில் ஏற்றி இறக்குகிற நாம், அதே பிள்ளை "நான் ரீச்சராகப் போகிறேன்" என்றால் ஏன் முகம் சுருங்குகிறோம்? வாலிபரே, ஒன்ராறியோவில் ஆசிரியராவதற்குப் பட்டப்படிப்பும் அதன்மேல் ஆசிரியர் பயிற்சியும் வேண்டும். வேறு வழியற்றவர்கள் போகும் பாதை அல்ல அது. உங்களில் யாருக்காவது அந்த அழைப்பு இருந்தால், வெட்கப்படாமல் வீட்டில் சொல்லுங்கள். மற்றவர்கள், உங்களுக்கு முதன்முதல் வாசிக்கக் கற்றுத்தந்தவர் யார் என்று வீட்டில் கேட்டு அறியுங்கள். அவர் இருக்கிறாரென்றால், இந்த வாரமே ஒரு தொலைபேசி அழைப்பு.