மாணவப் பருவமும் மன உறுதியும்: வரலாறு தரும் பாடம்

நம் சமுதாயத்தின் கல்வி வரலாற்றை எழுதுவோர் பள்ளிகளின் எண்ணிக்கையையும் பட்டம் பெற்றோரின் பெயர்களையும் குறித்து வைப்பர். அப்பள்ளிகளில் பயின்ற பிள்ளைகளின் உள்ளம் பட்ட பாட்டைக் குறித்து வைத்தோர் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள்.

கோயம்புத்தூரில் தாம் பயின்ற காலத்தை, 1939இல் வெளிவந்த தம் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்னும் நூலில் அவர் நினைவுகூர்கிறார். நெருங்கிப் பழகினால் தம் சாதி தெரிந்துவிடும், இழிவு நேரும் என்ற அச்சத்தால், மணி ஒலிக்கும் வரை வெளியிலேயே இருந்துவிட்டுப் பிறகுதான் வகுப்பினுள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் பிறர் உடன்வராதபடி விரைந்து வீடு சேர்வார். பிறரோடு விளையாட முடியாத துயரம் அவ்விளம் உள்ளத்தை வாட்டியது.

பம்பாயில் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் அண்ணல் அம்பேத்கர் பயின்றபோது, கணக்குப் போடக் கரும்பலகையருகே ஆசிரியர் அவரை அழைத்தார். உடனே மற்ற மாணவர்கள், பலகையின் பின்னே வைத்திருந்த தம் உணவுப் பாத்திரங்களை ஓடிச்சென்று அப்புறப்படுத்தினர். வீடோ பரேல் பகுதியில் ஒற்றை அறை. தந்தையார் ராம்ஜி மகனை முன்னிரவிலேயே உறங்க வைத்து, இரவு 2 மணி வரை தாம் விழித்திருந்து, பிறகு அவரைப் படிக்க எழுப்பிவிட்டுத் தாம் உறங்குவார். 1907இல் அம்பேத்கர் மெட்ரிகுலேஷன் தேறினார்.

இவ்விருவரும் 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் மக்களின் பிரதிநிதிகளாக ஒருங்கே அமர்ந்தனர். ஆயினும், துன்பமே பெருமை தரும் என்று நாம் முடிவு கட்டுதல் தவறாகும். அதே துன்பத்தால் படிப்பை விட்டகன்ற எண்ணற்ற பிள்ளைகளின் பெயர்களை வரலாறு அறியாது. தன்னம்பிக்கை குன்றியது அப்பிள்ளைகளின் குற்றமன்று. குன்றச் செய்தோரின் குற்றமேயாகும்.

அந்நோய் இன்னும் அகலவில்லை. பள்ளிகளில் சாதி வேற்றுமையைக் களையும் வழிகளை ஆராயத் தமிழக அரசு 2023இல் நீதிபதி கே. சந்துரு அவர்களை அமர்த்தியதும், 2024இல் அவர் அறிக்கை அளித்ததும் இதற்குச் சான்று.

உறக்கமும் நாம் கருதத்தக்கதே. 13 முதல் 18 வயது வரை நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரம் உறங்குதல் வேண்டும் என்பது மருத்துவர் கருத்து. உறக்கம் குறைந்தால் நினைவாற்றல் தளரும். கவலையும் சோர்வும் மிகும். அன்று உறக்கத்தைப் பறித்தது இடநெருக்கடி. இன்று அதனோடு கைப்பேசியும் சேர்ந்துகொண்டது. ராம்ஜியிடம் நாம் கற்கவேண்டுவது, மகனை நள்ளிரவில் எழுப்பியதையன்று. மகனுக்காகத் தம் உறக்கத்தைத் துறந்த பரிவையே.

பெற்றோரே! மதிப்பெண்ணைக் கேட்கும் முன், "இன்று பள்ளியில் உன்னை எவரேனும் வருத்தினரா?" என்று கேளுங்கள். இளைஞர்களே! மனச்சுமையை மறைக்காதீர், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள். அது கோழைமையன்று. நம் பிள்ளைகள் மணி அடிக்கும் முன்பே தலைநிமிர்ந்து வகுப்பினுள் நுழையும் நாளைக் காண்பதே இவ்வெள்ளிவிழாவில் நாம் மேற்கொள்ளும் உறுதியாகட்டும்.