கொழுந்து வாட்டிய காற்று

"அண்ணே, இன்னும் ரெண்டு ஃபேன் போட்டு விடுங்க, சூடு தாங்கல." பதுளையில் கம்ப்யூட்டர் திருத்திப் பிழைக்கும் என் காதில் வாரத்துக்கு ஒரு தடவையாவது விழுகிற பேச்சு இது. பசறை, ஹாலிஎல, மடுல்சீமை என்று சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பையன்கள் கேமிங் கம்ப்யூட்டரைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு வருவார்கள். காற்று அதிகமானால் சூடு குறையும் என்பது அவர்கள் கணக்கு. என் அப்பா தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்த்தவர். காற்று எவ்வளவு வேண்டும், அதற்கு என்ன செலவு என்பதைப் பற்றி இந்த மலை நூறு வருடத்துக்கு மேலாகத் தலையை உடைத்துக்கொண்டிருக்கிறது என்பதை அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

கிராபிக்ஸ் கார்டு சிலவற்றில் உருளை வடிவில் ஒரு விசிறி இருக்கும். நடுவில் காற்றை உறிஞ்சி, பக்கவாட்டில் தள்ளி, பெட்டியின் முதுகு வழியாக வெளியேற்றும். லேப்டாப்பில் இருப்பதும் அந்தக் குடும்பம்தான். அதன் பாட்டனார் பிறந்தது தேயிலைத் தொழிலில். சாமுவேல் டேவிட்சன் என்பவர் பெல்ஃபாஸ்ட்காரர், 1846இல் பிறந்தவர். 1864இல், பதினெட்டு வயதுக்குள், அஸ்ஸாமை ஒட்டிய காச்சாரில் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனார். அங்கே கரி அடுப்பின் மேல் இலையைப் பரப்பிக் காய வைக்கும் முறையைப் பார்த்து வெறுத்துப்போய், சூடான காற்றை இழுத்து இலைக்குள் செலுத்தும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். ஊர் திரும்பி 1881இல் சிராக்கோ என்ற பெயரில் தொழிற்சாலை ஆரம்பித்தார். அந்த இயந்திரத்துக்கு நல்ல விசிறி தேடித் தேடி, 1890களின் கடைசியில், முன்பக்கமாக வளைந்த சிறுசிறு தகடுகளை ஓர் உருளையைச் சுற்றிப் பதித்த விசிறியை உருவாக்கினார். சின்ன இடத்தில் நிறையக் காற்று. கப்பல், சுரங்கம், காரின் ஏசி என்று அது உலகமெல்லாம் போய், கடைசியில் கார்டுக்குள்ளும் நுழைந்தது.

எங்கள் ஸ்டோரில் உலர்த்தும் இயந்திரத்தின் இரும்புக் கதவில் சிராக்கோ என்று வார்த்த எழுத்துகள் இருந்தன. அப்பா அதைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், வீட்டு மாட்டைப் போல. "சிராக்கோ இன்னைக்கு முரண்டு பண்ணுது" என்பார்.

எங்கள் பதுளை இருக்கும் ஊவாவில் தேயிலை வந்த கதை எல்லோருக்கும் தெரிந்தது. 1869இல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் விழுந்தது, பத்து இருபது வருடத்தில் கோப்பி ஒழிந்தது, தேயிலை ஏறியது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னையை வாங்கினார். ரயில் 1894இல் பண்டாரவளைக்கு வந்தது. பதுளைக்கு வர இன்னும் முப்பது வருடம் பிடித்து, 1924இல்தான் கடைசி ஸ்டேஷன் திறந்தது.

அந்தக் காலத்தில் கட்டிய ஸ்டோர்களை ரயிலில் போகும்போது பாருங்கள். மூன்று மாடி, நாலு மாடி, சுவரே தெரியாத அளவுக்கு வரிசையாக ஜன்னல். மேல்மாடிகளில் சாக்குத் துணியைத் தட்டுத் தட்டாகக் கட்டி, அதில் கொழுந்தை மெல்லிதாகத் தூவி விடுவார்கள். பறித்த கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். உருட்டும் ரோலருக்குப் போகுமுன் அதில் ஒரு பகுதியை இழக்க வேண்டும். இல்லையென்றால் இலை சுருளாது, நொறுங்கிக் கூழாகிவிடும். இந்த வாட்டும் வேலைக்கு இரவு முழுக்க ஆகும். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு போய் ஊவாப் பக்கம் இறங்கும். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தந்த வாசம் அந்த மாதங்களில்தான் வரும். அப்போது ஸ்டோர்க்காரர் செய்ய வேண்டியதெல்லாம் எந்தப் பக்கத்து ஜன்னலை எவ்வளவு திறப்பது என்ற தீர்மானம் ஒன்றுதான். அப்பாவுக்கு அதில் பெருமை உண்டு. புறங்கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, "கிழக்கே ரெண்டைச் சாத்து" என்று சொல்லக்கூடியவர்.

மற்ற இயந்திரங்களுக்குத் தண்ணீர். மலையில் மேலே ஓடையை மறித்து, குழாயில் இறக்கி, கீழே சக்கரத்தைச் சுழற்றி, அந்த ஒரு அச்சிலிருந்து தோல்பட்டை வழியாக ரோலர், சல்லடை, விசிறி எல்லாவற்றையும் ஓட்டினார்கள். நூற்றுக்கணக்கான மலைத் தோட்டங்களில் இப்படிச் சின்னச் சின்ன நீர்ச்சக்கரங்கள் இருந்தன. சரிவில் கொழுந்து மூட்டை இறங்கக் கம்பி கட்டினார்கள். மூட்டையின் பாரமே மூட்டையை இழுத்துப் போனது. எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஊவாவில் அந்த வறண்ட காற்று வீசும் மாதங்களில்தான் ஓடையும் வற்றும். சக்கரம் தள்ளாடும். ஆனால் சக்தி அதிகம் தின்னக்கூடிய வாட்டும் வேலையை அப்போது காற்றே சும்மா செய்து கொடுத்துவிடும். மழை மாதங்களில் காற்று ஈரமாகி, அடுப்புச் சூட்டை மேல்மாடிக்கு விசிறியால் இழுக்க வேண்டி வரும். அப்போது ஓடையில் தண்ணீர் நிறைய இருக்கும். யாரும் உட்கார்ந்து வரைந்த திட்டம் இல்லை இது. கணக்கு அப்படி அமைந்து போயிற்று.

ஸ்டோருக்கு விளக்கு வந்து பல பத்தாண்டுகள் ஆனபிறகும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் போத்தல் விளக்குதான் எரிந்தது. ஒரே தோட்டம், நடுவில் நூறு யார் தூரம். இதை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது. மேலே சொன்ன அழகான கணக்குக்குப் பக்கத்தில் இதையும் எழுதி வைக்கிறேன்.

இலங்கையில் ஆற்றிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே பொறியியலாளர் சங்கத்தில் கட்டுரை படித்தார். லக்சபானா 1950இல்தான் ஓடத் தொடங்கியது. பிறகு பெரிய கம்பி ஒவ்வொரு தோட்டமாக வந்தது, 1969இல் மின்சார சபை உருவானது, மலிவான கரண்ட் கிடைத்ததும் தோட்டத்து நீர்ச்சக்கரங்கள் கவனிக்க ஆள் இல்லாமல் துருப்பிடித்தன. ஏறக்குறைய அதே காலத்தில் சாக்குத் தட்டுகளுக்குப் பதிலாக நீளத் தொட்டிகள் வந்தன. அடியில் பெரிய விசிறி, மேலே வலை, வலையில் கனமாகப் பரப்பிய கொழுந்து. இடம் மிச்சம், ஆள் மிச்சம், மழையிலும் வாட்டலாம். ஜன்னல்களைச் சாத்திவிட்டார்கள். ஸ்டோர் கரண்ட் தின்னியாக மாறிய நாள் அதுதான் என்பது என் அபிப்பிராயம். தோட்டங்கள் 1975இல் அரசிடம் போய், 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்தபோது, ஸ்டோரின் பில்லில் பெரிய பங்கு இந்தத் தொட்டி விசிறிகளுடையது.

அதற்குக் கண்ட மருந்து, விசிறியை மெதுவாகச் சுற்றுவது. மோட்டருக்கு முன்னால் ஒரு பெட்டியை வைத்து, கொழுந்து வாட வாட வேகத்தைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். விசிறியின் வேகம் பாதியானால் அது தின்னும் சக்தி பாதியாவதில்லை, எட்டில் ஒன்றாகிறது. ஐந்தில் ஒரு பங்கு வேகத்தைக் குறைத்தாலே ஏறக்குறைய பாதிக் கரண்ட் மிச்சம். ஸ்டோரில் இந்தக் கணக்கைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கடையில் நான் செய்வதும் இதே மாதிரிக் கணக்குத்தான்.

கம்ப்யூட்டர் உலகம் அந்தப் பாடத்தைப் படித்தது 2004 வாக்கில். பதுளையில் நெட் கபே முளைத்து, மாலையானால் கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடப் பள்ளிப் பையன்கள் வரிசை கட்டிய காலம். பென்டியம் 4இன் பிந்திய ரகங்கள் 100 வாட்டைத் தாண்டின; பின் அறை அடுப்படி மாதிரிக் கொதிக்கும். வேகத்தை ஏற்றிக்கொண்டே போன இன்டெல், 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியத்தை 2004இல் கைவிட்டது. 2006இல் வந்த கோர் 2 டுவோ 65 வாட், வேலை முடிக்கும் வேகமோ அதிகம். இந்தத் தொழிலில் நான் கண்ட பெரிய திருப்பம் அதுதான். ஆனாலும் கற்றது எல்லோருக்கும் நிலைக்கவில்லை: 2012இல் ஏஎம்டி விற்ற எஃப்எக்ஸ் 8350 திரும்பவும் 125 வாட்.

பிறகு 2022. டீசல் வாங்க நாட்டில் டொலர் இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டு. ஆகஸ்டில் கட்டணம் சராசரி 75 வீதம் ஏறியது, அடுத்த பெப்ரவரியில் மேலும் 66 வீதம். ரூபா சரிந்து, புதுச் சாமான் கைக்கு எட்டாமல் போனது. அந்த வருடம் செப்டெம்பரில் எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைக் கார்டு வைத்துத் தோண்டும் முறை உலகம் முழுக்க நின்றதால், தோண்டித் தேய்ந்த கார்டுகள் பழைய சாமான் சந்தையில் குவிந்தன. மலைக்கு வந்ததில் நிறைய ஆர்எக்ஸ் 580. விலை மலிவு, பசி 185 வாட்.

மலிவுக்கு வாங்கியவர்கள் பில்லில் மாட்டினார்கள். மின்சார சபையின் வீட்டுக் கட்டணத்தில் 60 யூனிட் ஒரு கோடு. அதைத் தாண்டினால் மேலதிக யூனிட்டுக்கு மட்டும் அல்ல, முதல் யூனிட்டிலிருந்தே விலை மாறும். ஃப்ரிட்ஜ் இல்லாத தோட்டத்து வீடு ஒன்று மாதம் 30 யூனிட்டோடு நிற்கும். எஃப்எக்ஸ் 8350ம் ஆர்எக்ஸ் 580ம் கொண்ட பெட்டி விளையாடும்போது 340 வாட் இழுத்தால், தினம் நாலு மணித்தியாலத்துக்கு மாதம் 41 யூனிட். கோடு தாண்டியாயிற்று. பையனின் அம்மா கொழுந்துக் கூடையோடு நேரே கடைக்கு வந்து, "தம்பி, இந்தப் பெட்டியை வித்துத் தாங்க" என்று கேட்டிருக்கிறார்.

விற்க வேண்டியதில்லை. முதலில் திறந்து பார்ப்பேன். லயத்திலிருந்து வரும் பெட்டியில் விறகுப் புகையின் எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் சேர்ந்து, சூடுபோக்கியின் தகடுகளுக்கு இடையில் கம்பளி போல அடைத்திருக்கும். ஸ்டோர் ஒபிசிலிருந்து வருவதில் அதற்குப் பதில் தேயிலைப் பஞ்சு: சல்லடையில் பறக்கும் பழுப்பு நார். துடைத்து, காய்ந்த பசையைச் சுரண்டிப் புதுப் பசை தடவினாலே விசிறி பாதிச் சத்தத்துக்கு இறங்கும். அடுத்தது வோல்ட். சிப்பு தின்னும் சக்தி வோல்ட்டின் வர்க்கத்தோடு ஏறும். தொழிற்சாலை எல்லாச் சிப்புக்கும் பொருந்தட்டும் என்று தாராளமாகக் கொடுத்து அனுப்புகிறது. 1.1 வோல்ட்டை 0.95க்கு இறக்கி, அதிலும் சிப்பு தள்ளாடாமல் நின்றால், அதே வேகத்தில் கால் பங்கு மிச்சம். கடைசியாக, திரை செக்கனுக்கு 60 படம்தான் காட்டும் என்றால் 140 படம் வரைய விடாமல் பூட்டுவது. மூன்றும் செய்தால் 340 என்பது 230க்குப் பக்கத்தில் வரும். மாதம் 28 யூனிட்டுக்குக் கீழே. வீடு கோட்டுக்குள் நிற்கும். புதுச் சாமான் ஒன்றும் வாங்கவில்லை.

ஆர்டிஎக்ஸ் 4060 வாங்கட்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. 2023இல் வந்தது, 115 வாட், நல்ல கார்டு. ஆனால் 70 வாட் மிச்சத்துக்காக மட்டும் வாங்காதே என்பேன். மாதம் 8 யூனிட் மிச்சத்தில் கார்டு விலையை எடுக்கப் பையனுக்கு மீசை நரைத்துவிடும். எஃப்எக்ஸைத் தூக்கிவிட்டு 65 வாட் ரைசன் சிப்பு போடுவதற்கு அதைவிட நியாயம் இருக்கிறது.

உயரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. பதுளை கடல்மட்டத்திலிருந்து 680 மீற்றர், அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேல். அங்கே காற்று எட்டில் ஒரு பங்கு லேசு, அதே சுற்றில் அதே விசிறி குறைவான சூட்டைத்தான் சுமக்கும். கொழும்பைவிடக் குளிரான காற்று அந்த இழப்பை ஈடுகட்டிவிடும். ஈரமான மூடுபனிதான் எதிரி. இன்னொரு எதிரி இடி. பதுளையில் அரச அதிகாரியாக இருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்ட மேஜர் ரோஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்துதான் செத்தார். பதுளை சென் மார்க் தேவாலயம் அவர் நினைவில் எழுந்தது. மின்சாரம் இந்த ஊருக்கு முதலில் வந்தது அந்த வழியாக என்று கடையில் சொல்லிச் சிரிப்பேன். ஏப்ரல் மாத மாலைகளில் வானம் இருண்டால் பிளக்கைக் கழற்று, எந்தச் சேர்ஜ் பாதுகாப்பையும் நம்பாதே.

2024 ஏப்ரலில் உமா ஓயாவின் 120 மெகாவாட் நீர்மின் நிலையத்தைத் திறந்தார்கள். அதன் சுரங்கம் தோண்டியபோது பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றி, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. பையன்கள் அதன் பிறகு வந்து, "இனி கரண்ட் மலிவாகுமாண்ணே?" என்று கேட்டார்கள். ஒருவன் அன்றைக்கே கலர் லைட் போட்ட ஆறு விசிறிக்கு ஓர்டர் கொடுக்க வந்திருந்தான். மூன்றே போதும், முன்னால் ரெண்டு உள்ளே, பின்னால் ஒன்று வெளியே, கலர் வேண்டுமென்றால் உன் ஆசை என்று எழுதிக் கொடுத்தேன். அவன் நாலு வாங்கினான்.