மலைநாட்டுக் குடிநீர்: தெல்தோட்டைப் பகுதி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கண்டி மாநகரின் தென்கிழக்கே, ஹேவாஹெட்டை மலைச்சாரலைச் சார்ந்து கிடப்பது தெல்தோட்டை. தென்மேற்குப் பருவமழையும் வடகீழ்ப் பருவமழையும் ஒருங்கே பெறுகின்ற நிலம் அது. மடுவுதோறும் ஓடை, பாறையிடுக்குதோறும் ஊற்று. அவையெல்லாம் ஈற்றில் மகாவலி கங்கையிற் சென்று கலப்பன. இத்தகைய நிலத்தில் வாழ்வார்க்குக் குடிநீர்க் குறையுண்டு என்று கூறின், கிணற்றையே நம்பி வாழும் யாழ்ப்பாணத்தார் நகைப்பர். ஆயினும் அக்குறை உண்டு. நூற்றாண்டு கடந்தும் உண்டு. மழையின் அளவை மட்டும் நோக்குவார்க்கு அதன் காரணம் புலனாகாது. ஊற்றுக்கண் எவருடைய நிலத்தில் உள்ளது, அதற்கு மேற்புறத்தே யாது செய்யப்படுகின்றது, அதனைக் கேட்கும் உரிமை எவர்க்குண்டு என்னும் மூன்று வினாக்களை எழுப்புமிடத்தே அது புலனாகும். இம்மூன்றும் வரலாற்று வினாக்கள்.

கண்டியரசர் காலத்தில் மலைநாட்டுக் குடியிருப்புகள் பெரும்பாலும் பள்ளத்தாக்குகளிலேயே அமைந்திருந்தன. தாழ்நிலத்தில் வயல், அதற்கு அணித்தாய் வீடும் தோட்டமும், மேலே சேனையும் மேய்ச்சல் நிலமும், உச்சியிலே காடு. காட்டினின்று கசிந்து வரும் நீரை ஊற்றடியிலேயே குடிப்பதற்கு முகந்து கொண்டு, எஞ்சியதை வாய்க்கால் வழியே வயலுக்கு விடுவது வழக்கம். அரசனது கோநகரிலோ மாளிகைக்கு மேலேயுள்ள உடவத்தக்கலைக் காடு குடிகள் புகலாகாத காடாக விலக்கி வைக்கப்பட்டிருந்தது. அரச மாண்பு கருதியே இவ்விலக்கு விதிக்கப்பட்டதாயினும், நீரூற்றுகளுக்கு அதனால் விளைந்த நன்மை சிறிதன்று. 1660ஆம் ஆண்டு முதல் 1679ஆம் ஆண்டு வரை கண்டி நாட்டிற் சிறையிருந்து, 1681இல் தம் நூலை வெளியிட்ட றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், மக்கள் நீரருந்துங்கால் கலத்தை வாயிற் படவிடாது உயர்த்தி ஊற்றிக் குடிப்பதைக் குறித்துள்ளார். தமிழரும் அறிந்த வழக்கமே இது. ஒருவர் வாய்பட்ட நீரைப் பிறர் பருகலாகாது என்ற எண்ணத்திற் சாதி ஆசாரமும் கலந்திருந்தது என்பதை மறைத்தற்கில்லை. எனினும் நோயணுவைப் பற்றி உலகம் அறிவதற்கு இருநூறு ஆண்டுகட்கு முன்னரே அஃது ஒரு காவலாயிற்று.

ஈண்டு ஒரு சொல்லைப் பற்றிக் கூறுதல் பொருந்தும். மலையகத் தமிழர் நீர் முகக்கும் இடத்தைப் ‘பீலி’ என்பர். நீராடுவதும் ஆடை வெளுப்பதும் பீலிக்கரையில். ஊற்று நீரை மூங்கிற் குழாயாலோ தகர ஓட்டாலோ கொணர்ந்து விழச்செய்வதே பீலி. யாழ்ப்பாணத்தார்க்குப் பீலி என்பது கூரை விளிம்பில் மழைநீரை ஏந்தும் ஓட்டைக் குறிக்கும். சிங்களரும் இவ்விரு பொருளிலும் இதனோடு ஒத்த சொல்லை வழங்குகின்றனர். எவர் எவரிடமிருந்து பெற்றனர் என்ற வழக்கைச் சொல்லாராய்ச்சியாளரிடம் விட்டுவிடலாம். நீரை ஏந்திச் செல்லும் கருவி மூவர்க்கும் ஒன்றே.

பழைய ஒழுங்கைக் குலைத்தது கோப்பி. காடும், தரிசும், குடியேறாத நிலமும் முடிக்குரியனவென்றே கொள்ளப்படும் என 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வகுத்தது. உறுதி காட்ட இயலாத கிராமத்தவர் உச்சிக் காட்டின்மீது கொண்டிருந்த வழக்குரிமையை இழந்தனர். அக்காடு தோட்டத்துரைமார் கைக்கு மாறியபோது, காட்டிலிருந்த ஊற்றுகளும் உடன் மாறின. நிலத்தை விற்றோரோ வாங்கினோரோ அவ்வூற்றுகளைத் தனியே எண்ணிப் பார்த்திரார்.

கோப்பிக்கு நீர் மிகுதியும் வேண்டும். பழத்தின் செந்தோலை எந்திரத்தால் நீக்கி, கொட்டையைத் தொட்டியிலிட்டுப் புளிக்கவைத்து, பின் பன்முறை கழுவுதல் வேண்டும். ஆதலால் ‘ஸ்டோர்’ எனப்படும் ஆலையை ஓடையோரத்திலே கட்டினர். நீர்ச்சக்கரத்தைச் சுழற்றுவதற்கும் அவ்வோடையே உதவிற்று. தோலும் புளித்த கழுநீரும் மீண்டும் ஓடையிலேயே விழுந்தன. துரையின் பங்களா மேட்டில் இருந்தது. அதற்கு மேலிருந்து தனிக் குழாய் வந்தது. தொழிலாளர் லயங்களோ பெரும்பாலும் பள்ளத்தில், ஆலைக்கு அருகே. ஒரே ஓடையின் மூன்று நிலையில் மூன்று வகை நீர். தோட்டத்தின் படம் ஒன்றை விரித்து உயரத்தை மட்டும் நோக்கினாற் போதும், எவர் எத்தகைய நீரைக் குடித்தனர் என்பது விளங்கிவிடும்.

1852இல் ஸ்கொத்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெயிலர், தெல்தோட்டையை அடுத்த லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டமை இலங்கை வரலாறு கற்பார் அனைவரும் அறிந்ததே. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, அப்பத்தொன்பது ஏக்கர் நாடெங்கும் பரவியது. தேயிலைக்குக் கழுவும் தொழில் இல்லை. ஓடைகள் கோப்பிக் கழிவினின்றும் நீங்கின. ஆனால் வேறொரு மாற்றம் நேர்ந்தது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்திலேயே ஆட்கள் மிகுதியாக வேண்டியிருந்தது. பறித்த பின் பலர் தமிழகத்துக்கு மீண்டனர். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கப்படுவது. வந்தவர் குடும்பத்தோடு தங்கினர். பருவத்துக்கு வந்துபோவோர்க்கென்று கட்டிய லயம் தலைமுறைகளுக்கு வீடாயிற்று. பருவத்துக்கென்று வைத்த பீலியும் அவ்வாறே.

லயக் காம்பராவின் அளவு பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதனுள் தண்ணீர் சேமிக்க இடமேது? குடம் இரண்டு, மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்று என்ற அளவிலேயே வீட்டு நீர் அடங்கிற்று. ஒருவர்க்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 லீற்றர் வரை நீர் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய மதிப்பு. குறைந்த அளவையே கொள்வோம்: ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 250 லீற்றர். மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்று நான்கு கலன், அதாவது ஏறத்தாழ 18 லீற்றர் கொள்ளும். அந்நீரின் எடை 40 இறாத்தல். ஆகவே பதினான்கு தகரம். சுமந்தால் நாளொன்றுக்குக் கால் தொன். பிரட்டுக்கு முன்னும், கொழுந்து நிறுத்து வந்த பின்னும், பெரும்பாலும் பெண்கள் சுமந்த நீர் இது. இவ்வளவும் எவராலும் சுமக்க இயலாது. ஆதலின் நீராட்டும் வெளுப்பும் பீலிக்கரைக்கே சென்றன. நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துமாறு இம்மக்களுக்கு அறிவுரை கூறவந்தோர் இக்கணக்கை முதலிற் போட்டிருப்பின் வாயடங்கியிருப்பர்.

இனி, நோயைப் பற்றி. தமிழகத்திலிருந்து வடபாதை வழியே நடந்து மாத்தளைக்கு வந்த தொழிலாளர் பலர் வழியிலேயே வாந்திபேதிக்கு இரையாயினர். அந்நோய் நீரால் வருவது என்பதை 1854இல் இலண்டன் மாநகரின் புறோட் வீதித் தண்ணீர்க் குழாயைக் கொண்டு ஜோன் ஸ்னோ என்னும் வைத்தியர் காட்டினார். அதன் நோயணுவை 1883–84இல் எகிப்திலும் கல்கத்தாவிலும் கொக் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஆராய்ந்து நிறுவினார். இவ்வறிவு நூலேறியும் தோட்டப் பீலிக்கு வந்து சேர நெடுங்காலம் சென்றது. 1872இல் இயற்றப்பட்ட வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் மருந்தையும் மருத்துவமனையையுமே பெரிதும் கருதிற்று. லயத்தின் துப்புரவைச் சட்டம் உற்றுநோக்கியது 1912ஆம் ஆண்டிலேதான்.

1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். மருந்து கொடுத்தால் புழு விழும். மலசலகூடம் இல்லாத லயத்தில் மீண்டும் அதே புழு காலில் ஏறும். மழை பெய்யுந்தோறும் சரிவின் அழுக்கு பீலிக்கு வரும் என்பதும் இதனோடு சேர்ந்தது. கொழுக்கிப்புழு மண்ணால் வருவது, வயிற்றுளைவும் நெருப்புக்காய்ச்சலும் நீரால் வருவன. எனினும் மூன்றுக்கும் மூலம் ஒன்றே. ‘வாசக்கூட்டி’ எனப்பட்ட துப்புரவாளர் ஒருவரை வைத்து லயத்து வாசலைக் கூட்டச் செய்தல் மலசலகூடம் கட்டுவதினும் மலிவாயிருந்தது. இக்கணக்கில் நோய் சேர்க்கப்படவில்லை.

மேட்டில் இருந்தோரும் இந்நோய்களுக்குத் தப்பினாரல்லர். நாற்பதாண்டு மலைநாட்டில் வாழ்ந்த டெயிலர் 1892இல் குடல் அழற்சியாலும் வயிற்றுளைவாலுமே இறந்தார். அவருடல் தோட்டத்து ஆட்களாற் கண்டிக்குச் சுமந்து செல்லப்பட்டு மஹய்யாவை மயானத்தில் அடக்கம் பெற்றது.

மலைநீர் தெளிந்த நீர்; ஆதலின் தூயது என்ற நம்பிக்கை இன்றும் வலிது. தெளிவு வேறு, தூய்மை வேறு. கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டை இழைத்துத் தெளிவிக்கும் முறையைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். அம்முறை மண்ணைப் படியச் செய்யும், அணுக்கள் சிலவற்றையும் உடன் படியச் செய்யும், எஞ்சியவற்றைக் கொல்லாது. கொல்வது கொதியே. தெல்தோட்டை போன்ற மூவாயிரத்தைந்நூறு அடி உயரமுள்ள இடங்களில் நீர் 100 பாகையை எட்டாமல் 96 பாகையளவிலேயே கொதித்துவிடும். அவ்வெப்பமும் நோயணுக்களுக்குப் போதும். ஆனால் விறகு வேண்டும், நேரம் வேண்டும். தேநீராகக் காய்ச்சிப் பருகும் வழக்கம் பலரைக் காத்தது எனலாம். அதே தேயிலைக்கு இடும் உரமும் தெளிக்கும் மருந்தும் மழையோடு ஊற்றுக்குள் இறங்கும்போது கொதியாலும் பயனில்லை. உரத்திலுள்ள நைத்திரேற்று காய்ச்சினால் நீங்குவதன்று. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். லீற்றருக்கு 50 மில்லிகிராம் அதன் எல்லை என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. இவ்வெல்லையை யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகள் பல மீறியுள்ளமை ஆராய்ச்சிகளால் அறியப்பட்டதே.

ஊற்றைக் காப்பதெனின் ஊற்றுக்கு மேலேயுள்ள நிலத்தைக் காத்தல் வேண்டும். இவ்வுண்மையை அரசு அறியாமலில்லை. 1873இல் கியூ தாவரப் பூங்காவின் தலைவரான ஜோசப் ஹூக்கர் மலையுச்சிக் காடுகளை அழிப்பதன் கேட்டை எடுத்துரைத்தார். அதன் பயனாக ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடு விற்பனைக்கில்லை என்றாயிற்று. 1885இல் வனக் கட்டளைச் சட்டம் வந்தது. நற்செயலே, ஆயின் தெல்தோட்டையின் பெரும்பகுதி அவ்வெல்லைக்குக் கீழே கிடப்பது. உயர்மலைக் காட்டைக் காத்த விதி இடைமலை ஊற்றுகளைக் காக்கவில்லை. கண்டி மாநகரமோ தனக்கு வேண்டியதைச் செய்துகொண்டது. நகருக்கு மேலேயுள்ள துனுமடலாவையில், ஒருகாற் பயிர்செய்த நிலத்தையே மாநகரசபை தன் நீர்த்தேக்கங்களுக்காகக் காடாக வளரவிட்டது. தோட்டத்தைக் காடாக வளரவிட்டு ஊற்றுக்கு மேலேயுள்ள நிலத்தைக் காக்கலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டா. கண்டியிலிருந்து தெல்தோட்டைக்குச் செல்லும் எவரும் அதைக் காணலாம். 1951ஆம் ஆண்டின் மண்காப்புச் சட்டம் சரிவுகளைக் கருதிற்று. பின்னர், கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிற் பைன் மரங்கள் நடப்பட்டன. அவற்றால் ஊற்றுகள் வற்றின என்பது பல ஊரார் முறைப்பாடு. வெறும் புல்நிலத்தினும் பைன் காடு மிகுதியான நீரை உறிஞ்சும் என்பதில் அறிஞரிடையே பெரிய ஐயமில்லை.

உரிமைக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் ஒரு காணியின் உறுதியை எடுத்து நோக்கின், கிணற்றிற் பங்கும், வழியும், வாய்க்காலும் அதில் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். அரைப்பரப்பு நிலமுடையானும் தன் தண்ணீர்ப் பங்குக்காக நீதிமன்று ஏறலாம். ஏறியும் இருக்கின்றான், வேண்டிய மட்டும்! லயத்தில் வாழ்ந்தோர்க்கு அத்தகைய உறுதி யாதும் இல்லை. பீலி உடைந்தால் துரையிடம் சொல்லலாம். துரை கேளாவிடின் சொல்ல வேறிடமில்லை. 1937இல் கிராமச் சங்கச் சட்டம் திருத்தப்பட்டபோது தோட்ட லயங்களில் வாழ்ந்த தொழிலாளர்க்கு அச்சங்கங்களில் வாக்குரிமை இல்லாது போயிற்று. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பலவற்றின் நிர்வாகம் கம்பெனிகளிடம் சென்றது. ஊற்று இருந்த இடத்திலேயே இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்திலும் தோட்டத்துக்குள் சபையின் பணம் செல்லத் தடையிருந்தது. குழாய் ஒன்று தோட்ட எல்லையில் வந்து நின்றுவிடின் அதற்குச் சட்டமே காரணம் என்று கூறும் நிலை 2018இல் அச்சட்டம் திருத்தப்படும் வரை நீடித்தது.

அண்மைக் காலத்தில் தோட்ட மக்களுக்கு ஏழு பேர்ச் நிலமும் தனிவீடும் உறுதியோடு வழங்கும் திட்டங்கள் தொடங்கியுள்ளன. அவ்வுறுதிகளில் வீட்டு நிலத்தின் எல்லை எழுதப்படுகின்றது. அவ்வீட்டுக்கு நீர் தரும் ஊற்றுக்கண்ணோ பெரும்பாலும் மேலே, தோட்ட நிர்வாகத்தின் குத்தகை நிலத்தில் உள்ளது. அதனைக் காக்க வேண்டிய வேலை பெரிதன்று: ஊற்றைச் சுற்றிச் சீமெந்துத் தொட்டி கட்டி மூடுதல், மேட்டிலிருந்து வரும் மழைநீரைத் திருப்ப மேற்புறத்தே கான் வெட்டுதல், மாடும் மனிதரும் புகாதவாறு வேலியிடுதல், அவ்வேலிக்குள் உரமும் மருந்தும் இடாது நாட்டு மரங்களை வளரவிடுதல். குடியிருப்பாளர் கூடி ஒரு கிழமையிற் செய்து முடிக்கத்தக்க வேலை. ஆனால் வேலிக்குள் அடங்கும் அத்துண்டு நிலத்தில் எத்தனை தேயிலைச் செடிகள் நிற்கின்றனவோ அத்தனையையும் விட்டுக்கொடுக்க நிர்வாகம் இசைதல் வேண்டும். அவ்விசைவு எழுத்தில் அமைதல் வேண்டும். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அவ்வெழுத்தைக் கேட்டு வாங்குவதற்குப் பிரதேச சபைக்கும் இடமுண்டு.