ஒலிபெருக்கி

பெருகு தன்வினை, பெருக்கு பிறவினை, பெருக்குவது பெருக்கி. (வீட்டைப் பெருக்குவது வேறு கதை.) இலக்கணம் சரிதான், பொருள்தான் இடிக்கிறது. ஸ்டாண்டில் வைத்துக் கேட்கும் சிறு ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை. மின்குறிகையைப் பெருக்குவது ஆம்ப்ளிஃபயர். ஸ்பீக்கரில் காந்தத்துக்கு நடுவே உள்ள கம்பிச்சுருள் கூம்பை அசைத்து மின்சாரத்தை ஒலியாக்குகிறது. இத்தகைய சிறு பெட்டிகளில் பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்குகூட ஒலியாவதில்லை, மீதி வெப்பமாகிவிடும். எனவே ‘ஒலிமாற்றி’ என்பதே பொருந்தும் என்பேன்.

மரப்பெட்டி பெருக்குகிறதே என்று கேட்கலாம். கூம்பின் முன்னும் பின்னும் எழும் அலைகள் ஒன்றுக்கொன்று எதிரானவை. திறந்து விட்டால் தாழ்சுருதியில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பெட்டி அந்த அழிவைத் தடுக்கிறது, அவ்வளவே. துளையுள்ள பெட்டி பின்னலையையும் ஓரளவு பயன்படுத்திக்கொள்கிறது. அதுவும் மீட்புதான், பெருக்கமன்று. உண்மையில் அந்தப் பெயருக்குக் கொஞ்சம் உரிமை கோரக்கூடியது சுவர். அதை ஒட்டி வைத்தால் தாழ்சுருதி 6 டெசிபெல் வரை கூடும். மூலைக்குத் தள்ளினால் அதற்கும் மேல். இந்த வேண்டாத பெருக்கத்துக்குத் தப்பத்தான் ஸ்டாண்டில் ஏற்றிச் சுவரைவிட்டுத் தள்ளி வைக்கிறார்கள்: பெருக்கத்துக்கு அஞ்சி விலகி நிற்கும் பெருக்கி!