விடுபட்ட ஓர் எண்: இராமானுசனின் உயர் பகு எண் அட்டவணை குறித்த ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

சீனிவாச இராமானுசன் 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் கழகத்தின் தலைவராகவும் எஸ். நாராயண ஐயர் தலைமைக் கணக்கராகவும் இருந்தனர். 1913 ஜனவரி 16 அன்று ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலும் அவர் தம்மை இவ்வலுவலக எழுத்தர் என்றே அறிமுகப்படுத்திக்கொண்டார். ஆயினும், அவருடைய கணிதத்தைத் தெய்வ அருளின் விளைவாகக் காணும் மரபே தமிழில் வலுவாக உள்ளது. அவருடைய அட்டவணையில் விடுபட்ட ஓர் எண்ணைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அம்மரபை மறுபரிசீலனை செய்கிறது.

உயர் பகு எண்கள்

தனக்குச் சிறிய எந்த எண்ணையும்விட மிகுதியான வகுத்திகளைக் கொண்ட எண் உயர் பகு எண் எனப்படும். 12-க்கு 6 வகுத்திகள் உண்டு. அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. இலண்டன் கணிதக் கழக இதழில் 1915-இல் வெளிவந்த கட்டுரையில் இராமானுசன் இவற்றின் அமைப்பை நிறுவினார். இத்தகைய எண்ணைப் பகா எண்களின் பெருக்கமாக எழுதினால் அடுக்குகள் ஒருபோதும் ஏறுவதில்லை. 4, 36 ஆகிய இரண்டும் நீங்கலாக, இறுதிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 ஆகும். அவர் தந்த அட்டவணை 102 எண்களைக் கொண்டு 6746328388800 வரை செல்கிறது.

விடுபட்ட எண்

இவ்வட்டவணையில் 293318625600 இடம்பெறவில்லை. இதன் பகாக் காரணிகள் 2, 3, 5, 7, 11, 13, 17, 19. அவற்றின் அடுக்குகள் முறையே 6, 4, 2, 2, 1, 1, 1, 1. எனவே வகுத்திகளின் எண்ணிக்கை 7×5×3×3×2×2×2×2 = 5040. இதற்கு முந்தைய உயர் பகு எண்ணான 195545750400-க்கு 4608 வகுத்திகளும், பிந்தைய 321253732800-க்கு 5376 வகுத்திகளும் உள்ளன. ஆகவே வரிசையில் இவ்வெண்ணுக்குரிய இடம் ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாகிறது.

ஈண்டு ஓர் உண்மை கருதத்தக்கது. விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் கிடைப்பது அட்டவணையின் இறுதி எண்ணே ஆகும். புதிய பகாக் காரணி ஒன்று சேர்வதால் வகுத்திகள் 10080 என இரட்டிக்கின்றன. விடுபட்ட எண்ணின் அமைப்பை முழுமையாகத் தன்னுள் கொண்ட எண்ணை இராமானுசன் சரியாகக் கண்டறிந்திருக்கிறார். எனவே இவ்விடுபடல் கோட்பாட்டுப் பிழையன்று. கையால் கணக்கிட்டு வரிசைப்படுத்துகையில் நேர்ந்த நழுவல் என்று கொள்வதே பொருந்தும்.

முடிவுரை

அருளால் வந்ததெனக் கருதப்படும் பட்டியலில் விடுபடல் விளக்கமற்ற புதிராகிறது; உழைப்பால் உருவான பட்டியலில் அது இயல்பானது. துறைமுகத்தை அடுத்த முத்தியாலுப்பேட்டையிலிருந்து இராமானுசன் நினைவு மலர்களை 1968-இல் வெளிக்கொணர்ந்த பி. கே. சீனிவாசன், 1993-இல் இராயபுரத்தில் இராமானுசன் அருங்காட்சியகம் உருவாகவும் காரணமானார். அவ்வட்டாரப் பள்ளி மாணவர் தாமே பெருக்கிச் சரிபார்க்கக்கூடியது இவ்விடுபட்ட எண். இராமானுசனை வணங்குவதினும் அவருடன் சேர்ந்து கணக்கிடுவதே அவருக்குச் செய்யும் மேலான சிறப்பு எனலாம்.